புளிப் பானை

மணி எட்டு. உச்சிவேளைக்குள் பாதயாத்திரைக் கூட்டம் எண்ணூறு பேர் மடத்துக்குச் சாப்பிட வந்துவிடுவார்கள். அடுப்பு ஒன்றுகூடப் பற்றவைக்கவில்லை.

ஒன்பது வருஷமாகச் சம்பளமில்லாமல் சமைத்த பேச்சியம்மாளும், அவளோடு வரும் பதினோரு பெண்களும் நேற்றே கிளம்பிப் போய்விட்டார்கள். சமையற்கட்டுப் பொறுப்பிலிருந்த ஏகாம்பரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேர்மையான மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

குருவிடம் ஓடினார். குரு மங்கையர்க்கரசி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவர்முன் ஏகாம்பரம் உட்கார்ந்ததில்லை.

"அம்மா, சேவைக்கு வர்றவங்க ஏன் நிலைக்க மாட்டேங்கிறாங்க?"

"நேத்து என்ன நடந்தது?"

"சாம்பார் ஒரே உப்பும்மா. பந்தியில பாதிப் பேரு எழுந்துட்டாங்க. அங்கயே கூப்பிட்டு, 'உன் கைக்கு வயசாயிடுச்சு, இனிமே காய் நறுக்கினா போதும்'னேன். தப்பைத் தப்புன்னு சொல்லக் கூடாதா?"

மங்கையர்க்கரசி எழுந்து சமையற்கட்டுக்கு நடந்தார். சாமிக்குப் படைக்கும் முன் எதையும் ருசி பார்ப்பது அந்த மடத்தில் வழக்கமில்லை. பேச்சியம்மாளின் கை அளவுதான் கணக்கு. அதுவரை ஒருநாளும் பிசகியதில்லை.

மூலையில் புதிதாக ஒரு பானை இருந்தது. குரு அதிலிருந்து கொஞ்சம் புளியைக் கிள்ளி நீட்டினார்.

"வாயில போடுங்க."

"படைக்கிறதுக்கு முன்னாலயா?"

"இது சாமிக்கு இல்ல. உங்களுக்கு."

போட்டார். நாக்கு சுருண்டது. உப்பு, அப்படியொரு உப்பு.

"இது எப்ப வந்தது?"

"முந்தாநாள். ஒரு பக்தர் கொடுத்தார். உப்புப் போட்டு அடைச்ச புளின்னு..." ஏகாம்பரத்தின் குரல் இறங்கியது. "என்கிட்டச் சொல்லித்தான் கொடுத்தார். நேத்துக் காலையில நான்தான் இதை ஊறவைக்கச் சொன்னேன்."

"பேச்சியம்மாகிட்டச் சொன்னீங்களா?"

அவமானத்தில் ஏகாம்பரத்துக்குக் காது சுட்டது. வெளியே யாரோ, கூட்டம் ஆற்றுப்பாலம் தாண்டிவிட்டதாகக் கத்தினார்கள்.

"ஆள் அனுப்பட்டுமாம்மா?"

"ஆள் போய் என்ன சொல்லும்?"

ஏகாம்பரம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "நானே போறேன். பேச்சியம்மாளைத் தனியாக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுடறேன்."

மங்கையர்க்கரசி பானையை மூடினார்.

"திட்டுறப்போ தனியாவா கூப்பிட்டீங்க?"