கொம்பையாவின் கார் இருமிய கதை

மந்தைக்குளத்துக் கொம்பையாவுக்கு எல்லாம் மறந்துபோகும். தங்கை புருஷன் பால்வண்ணன் சொன்ன ஒரு சொல் மட்டும் பத்தொன்பது வருஷமாக மறக்கவில்லை. கோயில் கொடைக்குக் கிளம்பிய வேனில் ஏறப் போனவரைப் பார்த்து, “இடமில்லை மச்சான்” என்றுவிட்டார் அந்த மனுஷன். இனி அவன் வாசலில் இறங்கினால் சொந்தக் காரிலிருந்துதான் இறங்குவேன் என்று அன்றைக்கே கொம்பையா சபதம் எடுத்தார்.

இப்போது பால்வண்ணன் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் பட்டு வராமல் தாலி ஏறாது. கொம்பையாவிடம் பழைய கார் ஒன்று இருந்தது. ஓடத்தான் இல்லை.

ஒர்க்ஷாப் மேஸ்திரி எஞ்சினை வெளியே எடுத்துப் பிரித்துச் சரிசெய்து, பெயிண்டும் அடித்துப் பலகைமேல் வைத்தார். வெளியூர் கிளம்பும்போது கொம்பையாவின் தம்பி மகன்களிடம் சொன்னார்: “பெயிண்ட் காயிற வரைக்கும் எஞ்சினைத் தொடாதீங்க. காஞ்சதும் எல்லாத்தையும் வண்டியில மாட்டிப் பூட்டிருங்க.”

மூன்று நாள் இருவரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“காஞ்சிருச்சாலே?” என்றான் மூத்தவன் தளவாய்.

“தொட்டாத்தான தெரியும்,” என்றான் இளையவன் ஊய்க்காட்டான்.

“தொடக்கூடாதுன்னாரே.”

ரொம்ப யோசித்து, எஞ்சினை மட்டும் பலகைமேலேயே விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பூட்டி, பானெட்டையும் சாத்தினார்கள். பெரியப்பாவிடம் இதைச் சொல்லத் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று காலை கொம்பையா பட்டுத் தாம்பாளத்தைப் பக்கத்துச் சீட்டில் வைத்துச் சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை.

“முன்னெல்லாம் கடகடன்னு உயிரை வாங்கும். இப்ப எவ்வளவு அமைதி!” என்று தளவாய் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

மேஸ்திரிக்குப் போன் போட்டார்கள்.

“நான் சொன்னபடி பூட்டினீங்களா?”

“ஒரு அட்சரம் மீறலை.”

“அப்பத் தள்ளுங்க. ரெண்டு இருமல் இருமிட்டுப் பிடிச்சுக்கும். அதுவரைக்கும் எங்கயும் நிறுத்திராதீங்க.”

தள்ளினார்கள். ஆமை வேகம்தான், ஆனாலும் கார் பஞ்சு மூட்டை மாதிரி உருண்டது. “ரிப்பேருக்கு அப்புறம் என்ன லேசு!” என்று கொம்பையா ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார்.

மண்டபம் வந்தது. இன்னும் இருமவில்லையே, எப்படி நிறுத்துவது? மண்டபத்தையே சுற்றினார்கள். இரண்டாவது சுற்றில் பால்வண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடி வந்தார்.

“இறங்குங்க மச்சான்! முகூர்த்தத்துக்குக் கால் மணிதான் இருக்கு!”

“இருமட்டும், இறங்குதேன்.”

“யாரு இருமணும்?”

“காரு.”

“பட்டையாவது சன்னல் வழியாத் தாங்களேன்!”

“தாய்மாமன் சீரு என்ன பஸ் டிக்கெட்டா, சன்னல்ல குடுக்க?”

ஐந்தாவது சுற்றில் பால்வண்ணனுக்கு மூச்சு முட்டியது. “நானும் ஏறிக்கிடுதேன் மச்சான்.”

பின்சீட்டு முழுக்கக் காலி. கொம்பையா பத்தொன்பது வருஷமாக வாயில் அடக்கி வைத்திருந்ததைத் துப்பினார்: “இடமில்லை மாப்ளே.” சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பால்வண்ணன் லேசுப்பட்டவரா? முன்னால் ஓடிப் பானெட்டைத் தூக்கினார். உள்ளே தாராளமாக இடம் இருந்தது. ஏறிக் குந்திக்கொண்டு, வெயில் படாமல் மூடியும் கொண்டார்.

“பெரியப்பா, வண்டி திடீர்னு கனக்கு!”

“எஞ்சின் பிடிக்கப் போகுதுலே, விடாதீங்க!”

உள்ளே ஒரே புழுதி. லொக்கு. லொக்கு.

“இருமிருச்சு!”

கார் சரியாக மண்டப வாசலில் நின்றது. கொம்பையா சாவியை எடுத்து இடுப்பில் செருகி, தாம்பாளத்தோடு ராஜா மாதிரி இறங்கினார். மேளம் முழங்கியது. ஆனால் தாரை வார்க்கப் பெண்ணின் அப்பனைக் காணோம்.

“என் காரு ஸ்டார்ட் ஆனதைப் பார்த்து வயிறெரிஞ்சு ஓடியிருப்பான்,” என்றார் கொம்பையா.

தளவாய் வாசலிலிருந்து ஓடிவந்தான். “பெரியப்பா! சாவியை எடுத்த பிறகும் வண்டி இருமுது, தட்டுது, ‘மச்சான், மச்சான்’னு வேற கூப்பிடுது!”

கொம்பையா மீசையை நீவிவிட்டார். “பாத்தியாலே, காருக்குத் தெரிஞ்ச முறை அந்தப் பயலுக்குத் தெரியலையே!”