தோள் மாற்றப் போன தாய்மாமன்கள்

கோணல்பட்டியில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவர் குருவையா, அடுத்தவர் வெயிலுமுத்து, கடைக்குட்டி சங்கிலி. மூவரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களிடம் உள்ள ஒரே குறையும் அதுதான். அடுப்பில் இருக்கும் பாலைப் பார்த்துக்கொள் என்றால், பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

இவர்களுடைய அக்கா ராமுத்தாயின் மகள் மதிவதனிக்கு ஸ்பெயின் தேசத்தில் செவில் என்ற நகரத்தில் வேலை. அங்கேயே அல்வாரோ என்ற பையனைப் பிடித்துப்போய், கல்யாணமும் அங்கேயே என்று ஆயிற்று. தாய்மாமன் மாலை கழுத்தில் விழாமல் பெண் மணையில் உட்காரக் கூடாது. ஆகவே மூன்று மாமன்களும் விமானம் ஏறினார்கள்.

மாப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. மதிவதனி ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். "மாமாங்க என்ன சொன்னாலும் 'சரிங்க மாமா'ன்னு சொல்லிரு. வேற எதுவும் வேண்டாம்."

"வெயில் ஜாஸ்தியா இருக்கே" என்றார் குருவையா.

"சரிங்க மாமா" என்றான் அல்வாரோ.

"உங்கப்பாவுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"சரிங்க மாமா."

"தங்கமான பையன்" என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

கல்யாணத்தன்று காலையில், வாடகைக்கு எடுத்த வீட்டின் முற்றத்தில் ஏற்பாடுகள் நடந்தன. ஒன்றரை மணிக்குள் முகூர்த்தம். பூ வாடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இரு என்று சங்கிலியிடம் சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்குள் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ராமுத்தாய் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, இவனுகள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போய் விடு. முகூர்த்தத்துக்கு மட்டும் வந்தாப் போதும்."

ஊர் சுற்றிக் காட்டுகிற பிலார் என்ற பெண்ணிடம் மூன்று பேருக்கும் சொல்லிவைத்தாள் மதிவதனி. கூட்டம் சிதறாமல் இருக்க பிலார் ஒரு மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள்.

"மாமா, அந்த மஞ்சக் குடை எங்க போகுதோ அங்க போங்க. பெரிய தேவாலயத்தயும் கோபுரத்தயும் பாத்துட்டு பன்னெண்டரைக்குத் திரும்பிரலாம். வீடு ரெண்டு தெரு தள்ளித்தான்."

வீட்டில் வைத்தால் மாமன் மாலையும் தண்ணீரில் போய்விடும் என்று ராமுத்தாய்க்குப் பயம். மாலையை ஒரு பையில் போட்டுக் குருவையாவிடம் கொடுத்தாள். "தம்பி, இது உன் கையிலயே இருக்கட்டும். கீழ மட்டும் வச்சிராத."

முதலில் கோபுரம். அதில் படிக்கட்டு கிடையாது, சாய்வுப் பாதைதான். அந்தக் காலத்தில் குதிரையிலேயே மேலே போவார்கள் என்று மதிவதனி முந்தின நாளே சொல்லியிருந்தாள். குதிரை எங்கே என்று மூவரும் தேடினார்கள். வெளியே குதிரை வண்டிகள் நின்றன. ஆனால் குடை மேலே ஏற ஆரம்பித்துவிட்டது.

"குதிரை இல்லாம ஏறுறது முறையில்லை" என்றார் குருவையா.

"குடையை விடுறதும் முறையில்லைண்ணே" என்றான் சங்கிலி.

இரண்டு முறையையும் காப்பாற்ற வேண்டியிருந்ததால் வெயிலுமுத்து குதிரையானார். குருவையா அவர் தோளில் உட்கார்ந்து, மாலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வளைவையும் ஏறினார். மேலிருந்து ஊர் முழுவதும் தெரிந்தது. வெயிலுமுத்துவுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

இறங்கி வந்ததும் தேவாலயத்துக்குள் ஓர் ஓரத்தில் குடை நின்றது. அங்கே ராஜா வீட்டு உடுப்புப் போட்ட நான்கு பெரிய ஆட்கள் ஒரு பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு நின்றார்கள். கொலம்பஸ் என்ற மாலுமியின் சமாதி அது. சுமப்பவர்கள் சிலைகள். அன்று அங்கே நின்றவர்களில் மூன்று பேரைத் தவிர எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது.

குருவையா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். "ஏலே, சாவு" என்றார் மெல்ல.

மூவரும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். பக்கத்தில் இருந்த உயரமான வெள்ளைக்காரரிடம் "எப்ப எடுக்கிறாங்க?" என்று குருவையா துக்கமாகக் கேட்டார். அவர் தன் செல்போனை நீட்டி, தன்னைச் சமாதியோடு சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னார்.

"கடைசிப் படம்" என்றான் சங்கிலி. "சொந்தக்காரர் போல."

கால் மணி நேரம் ஆயிற்று. பெட்டி நகரவில்லை. குடை நகர்ந்தது.

"எடுக்கிறதுக்கு முன்னால கிளம்பினா நாளைக்கு நம்மள யாரு மதிப்பா?" என்றார் குருவையா.

"குடை போகுதேண்ணே."

"அந்த நாலு பேரப் பாரு. தோள் மாத்த ஒரு ஆள் இல்ல" என்றார் வெயிலுமுத்து, தன் தோளைத் தடவிக்கொண்டே. "எனக்கு ஒருத்தரச் சுமந்ததுக்கே இந்தப் பாடு."

சங்கிலி யோசித்தான். "குடைக்குப் பின்னால போங்கன்னுதான மதி சொன்னா? குடை இங்க வந்துட்டா நாம இங்கயே நிக்கலாம்ல?"

இதில் தவறு இருப்பதாக அண்ணன்மார்களுக்குத் தெரியவில்லை. சங்கிலி ஓடிப்போய் பிலாரின் கையிலிருந்து குடையைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். குடையைத் தேடி பிலார் வந்தாள். பிலாரைத் தேடி அவள் கூட்டிவந்த இருபத்திரண்டு பேரும் வந்தார்கள்.

"இப்பத்தான் சாவு வீடு மாதிரி இருக்கு" என்று குருவையா திருப்தியடைந்தார்.

ஆனால் அவர் மனசுக்குள் ஒன்று உறுத்தியது. துக்கத்துக்கு வெறுங்கையோடு வந்திருக்கிறோம். கையில் இருப்பதோ கல்யாண மாலை.

"அதப் போட்டா மதிக்கு என்ன பண்றது?" என்றான் சங்கிலி.

"கீழ வைக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிருக்கா" என்றார் குருவையா.

வெயிலுமுத்து பெட்டியை அண்ணாந்து பார்த்தார். "அது மேலதானண்ணே இருக்கு."

குருவையா பையைத் திறந்தார். மாலையைப் பையிலிருந்து எடுத்தார். உயரம் அதிகமாக இருந்ததால், வீசி எறிவதற்காக ஒரு தடவை ஆட்டினார். இரண்டாவது தடவை ஆட்டினார். மூன்றாவது தடவை கை பின்னால் போனபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

"மாமா, எங்க இருக்கீங்க? மணி ஒண்ணாகப் போகுது" என்றாள் மதிவதனி.

"பதறாதம்மா. வந்த இடத்துல ஒரு சாவு."

"ஐயையோ, யாரு?"

"உள்ளூர்க்காரர்தான். நாலு பேர் தூக்கி வச்சுக்கிட்டே நிக்கிறாங்க. எடுக்கவே மாட்டேங்கிறாங்க."

மதிவதனி அந்த ஊரில் ஆறு வருஷமாக இருப்பவள். யாருடைய பெட்டி என்று உடனே புரிந்துவிட்டது.

"மாமா, அது சிலை. அவரு செத்து ஐநூறு வருஷம் ஆச்சு."

குருவையா போனை உள்ளங்கையால் மூடினார். "ஐநூறு வருஷமா வச்சிருக்காங்களாம்."

"வெளிநாட்டுல இருந்து ஆள் வரணும்னா வைப்பாங்கல்ல?" என்றார் வெயிலுமுத்து. "நம்ம தெருவுலயே துபாய்க்காரப் பையனுக்காக ரெண்டு நாள் ஐஸ் பெட்டியில வச்சாங்களே."

"அந்தக் குடைக்காரம்மா நாலு தடவ இந்தியான்னு சொல்லிச்சு" என்றான் சங்கிலி.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குருவையா போனைக் காதில் வைத்தார். "ஏம்மா, இவருக்கும் இந்தியாவுக்கும் என்ன சம்பந்தம்?"

மதிவதனி அவசரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள். "இந்தியாவுக்கு வரணும்னுதான் மாமா கப்பல் ஏறினாரு. வழி மாறி வேற எங்கயோ போயிட்டாரு."

சங்கிலிக்குக் கண் கலங்கியது. அவனும் அன்று காலையில் குளியலறையிலிருந்து சமையலறைக்கு வரும் வழியில் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தான்.

"நம்ம ஊருக்குன்னு கிளம்பின மனுசன்" என்றார் குருவையா. "நமக்காகத்தான்டா வச்சிருக்காங்க."

"மாமா, கேளுங்க" என்றாள் மதிவதனி. "இந்தக் கல்யாணத்துக்கு அம்மாவச் சம்மதிக்க வைக்கிறதுக்கு எனக்கு நாலு வருஷம் ஆச்சு. மாமன் மாலை இல்லாம மணையில உக்காந்தா அம்மா எழுந்து போயிருவாங்க. ஒன்றரைக்கு மேல ராகுகாலம்னு அம்மா வேற சொல்லிக்கிட்டு இருக்காங்க."

குருவையா பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "பொணம் கிடக்கும்போது எப்படிம்மா வாசல் தாண்டுறது?"

"முகூர்த்தம் முடிஞ்ச கையோட திரும்பப் போயிருங்க. நானே அனுப்பி வைக்கிறேன். இது சத்தியம். இப்பத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வாங்க மாமா!"

சத்தியம் என்றதும் குருவையா இளகினார். முன்னால் நின்ற சிலையிடம் போய்க் கும்பிட்டார். "ஐயா, ஒரு ரெண்டு மணி நேரம் பொறுத்துக்கங்க. மருமகளுக்கு மாலை போட்டுட்டு வந்து தோள் மாத்தி விடுறோம்."

சிலை மறுப்புச் சொல்லவில்லை.

வெளியே ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றத்தில் ஒரு நீரூற்று இருந்தது. தண்ணீர் பாட்டிலில் மொண்டு மொண்டு மூவரும் முறையாகத் தலை முழுகினார்கள். காவலாளி விசில் ஊதினார். துக்கத்துக்குச் சங்கு ஊதுகிற வழக்கம் இங்கும் இருப்பது கண்டு குருவையா அவரையும் கும்பிட்டார். மாலை நனையாமல் இருக்கச் சங்கிலி அதைக் குடைக்கு அடியில் பிடித்துக்கொண்டு ஓடினான். குடைக்குப் பின்னால் பிலார் ஓடினாள். குடையைத் தொடர்ந்து வாருங்கள் என்று காலையில் சொல்லப்பட்டிருந்ததால் இருபத்திரண்டு பேரும் ஓடினார்கள்.

ஒன்று இருபத்தெட்டுக்கு மாலை மதிவதனியின் கழுத்தில் விழுந்தது. மாலை நனையவில்லை. மாமன்கள்தான் சொட்டச் சொட்ட நின்றார்கள். ஈரத் தலையோடு நின்றால் சளி பிடிக்கும் என்பதுகூட அன்று யாருக்கும் தோன்றவில்லை. தாய்மாமன் நனைந்துகொண்டு வருவதும் ஒரு சடங்கு என்று நினைத்து மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாலி ஏறியது. ராமுத்தாய் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பந்தி போட்டார்கள். பிலாரையும் இருபத்திரண்டு பேரையும் உட்காரவைத்தார்கள். கூட்டம் நெருக்கியடித்தது. ஆனால் நான்கு இலையில் மட்டும் யாரையும் உட்காரக் குருவையா விடவில்லை.

"யாருக்குத் தம்பி அது?" என்றாள் ராமுத்தாய்.

"அந்த நாலு பேருக்கு. ஐநூறு வருஷமா பல்லுல பச்சத் தண்ணி படல. நாங்க போய்த் தோள் மாத்தி விட்டா வந்து சாப்பிடுவாங்க." அவர் மதிவதனியைப் பார்த்தார். "கிளம்பட்டுமாம்மா? நீ சத்தியம் பண்ணிருக்க."

மதிவதனி வாயைத் திறப்பதற்குள் வெயிலுமுத்து ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். "அண்ணே, அவங்க நாலு பேர். நாம மூணு பேர். பெட்டி ஒரு பக்கமாச் சாஞ்சிரும்."

மூவரும் பந்தியைச் சுற்றிப் பார்த்தார்கள். உயரமும் அகலமுமாக, தோள் நன்றாக உள்ளவன் ஒருத்தன்தான் இருந்தான். மணமேடையில் உட்கார்ந்து முதல் வாய் பாயசத்தை எடுத்துக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை" என்றார் குருவையா, "ஒரு கை குறையுது. வர்றீங்களா?"

"சரிங்க மாமா" என்றான் அல்வாரோ. கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான்.

மதிவதனி வாசலுக்கு ஓடி வந்தபோது நான்கு பேரும் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்காகச் சங்கிலி மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்திருந்தான். அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். குடை கிளம்பியதைக் கண்ட இருபத்திரண்டு பேரும், கையில் அப்பளத்தோடு, இலையை விட்டு எழுந்துகொண்டிருந்தார்கள்.