நாலு பேர் சுமந்த பல்லு

வெங்கலப்பட்டி வெங்காய மண்டியில் நாலு சுமைக்காரர்கள் இருந்தார்கள். மூத்தவர் மூக்கன். அவருக்கு அடுத்து சன்னாசி, இருளப்பன். எல்லோருக்கும் இளையவன் தவசி. உடல்பலத்தில் நாலு பேருக்கும் ஒரு குறையும் கிடையாது. மேல்மாடியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, படித்து நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தச் சுமையையும் ஒருத்தனே கடைசிவரை சுமக்கக் கூடாது, பாதி வழியில் தோள் மாற்றிக்கொள்ள வேண்டும். வெங்காய மூட்டைக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் இவர்கள் மூட்டையோடு நிறுத்தவில்லை. போன மழைக்காலத்தில் இருளப்பனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை நாலு பேரும் முறை வைத்து விழுங்கினார்கள். காய்ச்சல் விட ரொம்ப நாளானது. "நாம நாலு பேர் சேர்ந்தே இந்தப் பாடு. தனியா விட்டுருந்தா என்ன ஆயிருப்பான்" என்று மூக்கன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தவசிக்குப் பெண் பார்க்கப் போனதில்தான் கதை ஆரம்பிக்கிறது. தவசியின் முன்பற்கள் நெரிசலான பஸ்ஸில் நிற்கிறவர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அதற்கு வெட்கப்பட்டு, சிரிப்பு வந்தால் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொள்வான். பெண் வீட்டிலும் பொத்திக்கொண்டான்.

பெண்ணின் பெயர் அன்னமயில். டவுனில் தையல்கடை வைத்திருந்தாள். நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிறவள்.

"இவருக்குச் சளியா?" என்று கேட்டாள்.

"இல்ல தாயி, சிரிப்பு" என்றார் மூக்கன்.

அன்னமயில் கொஞ்சம் யோசித்தாள். "பல்லு எப்படி இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா கல்யாண போட்டோவுல ஒரு துண்டுக்குப் பக்கத்துல என்னால நிக்க முடியாது. மேடையில வாயத் திறந்து சிரிப்பேன்னு சொல்லச் சொல்லுங்க. எனக்குச் சம்மதம்."

தவசிக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போனது. ஆனாலும் துண்டை எடுக்கத் தைரியம் வரவில்லை. "பல்லச் சீர் பண்ணிட்டு வர்றேன், அதுவரைக்கும் இருப்பீங்களா?" என்று துண்டுக்குள்ளிருந்தே கேட்டான். இருப்பதாக அவள் சொன்னாள்.

பல் சீரமைக்கும் டாக்டர் நளாயினியின் அறைக்குள் நாலு பேரும் ஒன்றாக நுழைந்தார்கள்.

"யாருக்குப் பல்லு?" என்று கேட்டார் டாக்டர்.

"எல்லாருக்கும் இருக்கு டாக்டரம்மா. கோணல் இவனுக்கு மட்டும்தான்" என்றார் மூக்கன்.

டாக்டர் பொறுமைசாலி. ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி விளக்கினார். "பல்லுல ஒட்டுற இந்தக் குட்டி வில்லைக்குப் பேரு பிராக்கெட். அதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிறது கம்பி. கம்பி இழுக்க இழுக்க, பல்லு மெதுவா நகர்ந்து எடத்துக்கு வரும். கம்பி குத்துச்சுன்னா, குத்துற எடத்துல இந்த மெழுக உருட்டி வைக்கணும். இந்த ரப்பர் வளையம் எலாஸ்டிக். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் மாட்டணும். சாப்பிடும்போது மட்டும்தான் கழட்டணும். எல்லாம் முடிஞ்ச பிறகு ரிடெய்னர்னு ஒண்ணு வரும், அதை அப்பச் சொல்றேன்."

மூக்கனுக்கு வேர்த்துவிட்டது. இத்தனை பெயரையும் ஒரே தலையில் ஏற்றுவதா? தவசி கம்பி மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் அந்தப் பெயர்களைப் பிரித்துக் கொடுத்தார். பிராக்கெட்டும் கம்பியும் தனக்கு. எலாஸ்டிக் சன்னாசிக்கு. மெழுகு இருளப்பனுக்கு. பல் தவசியுடையது என்பதால் அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவரவர் பங்கை முணுமுணுத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

வேலை ஓய்ந்த மதியங்களில் தவசியை ஒரு மூட்டைமேல் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, எதிரே வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

"நகருதாண்ணே?" என்றான் இருளப்பன்.

"இல்லியே."

"டாக்டரம்மா நகரும்னாங்களே."

சன்னாசி தாடையைச் சொறிந்தான். "இத்தன பேரு உத்து உத்துப் பாத்தா எப்படிண்ணே நகரும்? அதுக்கும் கூச்சம் இருக்கும்ல."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அன்றுமுதல் தவசி வாயைத் திறந்துகொண்டு உட்காருவான், மற்ற மூன்று பேரும் மரியாதையாக முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள். பற்கள் உண்மையிலேயே நகர ஆரம்பித்தன. சன்னாசிக்கு மண்டியில் மதிப்பு கூடிவிட்டது.

ஒருநாள் கம்பி கன்னத்தில் குத்தி தவசி துடித்துப்போனான். இருளப்பன் அப்போது மாமியார் ஊருக்குப் போயிருந்தான். என்ன செய்ய வேண்டும் என்று மற்றவர்களுக்கும் தெரியும். ஆனால் மெழுகு இருளப்பனின் சுமை. கேட்காமல் அடுத்தவன் சுமையைத் தொடலாமா? அவன் வரட்டும் என்று காத்திருந்தார்கள். இருளப்பன் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே தவசியிடம் ஓடிவந்தான்.

"எந்த எடத்துலடா குத்துச்சு?"

"தராசுகிட்ட நிக்கும்போதுண்ணே."

இருளப்பன் மெழுகை உருட்டிக்கொண்டு போய்த் தராசுத் தட்டில் கவனமாக அப்பிவிட்டு வந்தான். சாயங்காலம்வரை தட்டில் வெங்காயம் ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடித்தது. மண்டி முதலாளி கத்தின கத்தலில், வலிக்கிற கன்னத்தைத் தவசியே மறந்துபோனான். "பாத்தியா, மெழுகு வேலை செய்யுது" என்றான் இருளப்பன்.

எலாஸ்டிக்கில் வந்த சிக்கல் வேறு மாதிரி. ஒருநாள் அன்னமயில் போனில் கூப்பிட்டாள். தவசி முகம் மலர்ந்து வாயிலிருந்த ரப்பரைக் கழற்றப்போனான். சன்னாசி கையைப் பிடித்துவிட்டான்.

"சாப்பிடும்போது மட்டும்தான்."

தவசி போனைக் காட்டினான். வாயைக் காட்டினான். கும்பிட்டான்.

"எனக்குத் தெரியுதுடா. ஆனா டாக்டரம்மா பேச்சு பேச்சுதான். நீ பேசணும்னா கழட்டணும். கழட்டணும்னா சாப்பிடணும்." சொல்லிவிட்டு எதிர்க்கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்தான்.

தவசி ஒரு பழத்தைக் கடித்து "ஹலோ" என்றான். விழுங்கியதும் சன்னாசி ரப்பரை மாட்டிவிட்டான். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள் அன்னமயில். அடுத்த பழத்தை உரித்தார்கள். அதன்பிறகு எப்போது பேசினாலும் இதே கதைதான். அன்னமயில் தன் அம்மாவிடம், "பாவம்மா, நான் பேசுறப்பல்லாம் அவருக்குப் பசிக்குது" என்றாள். நல்லாச் சாப்பிடுகிற மாப்பிள்ளை என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

இத்தனையையும் மீறி ஒருவழியாகப் பற்கள் வரிசையில் வந்து நின்றன. டாக்டர் பிராக்கெட்டையும் கம்பியையும் எடுத்துவிட்டு, கண்ணாடி மாதிரி ஒரு உறையைக் கொடுத்தார். "இதுதான் ரிடெய்னர். வந்த பல்லு பழையபடி திரும்பிப் போயிடாம இது பிடிச்சு வைக்கும். ராப்பகலா வாயில இருக்கணும். சாப்பிடுற நேரம் டப்பாவுல இருக்கலாம். வேற எங்கயும் இருக்கக் கூடாது."

ராப்பகலா என்ற வார்த்தை மூக்கனின் நெஞ்சில் தைத்தது. "இளந்தாரிப் பய, ராப்பகலா ஒரு சுமைய ஒத்தையாச் சுமக்குறதா? நாம எதுக்கு இருக்கோம்?"

"யாரு வாயிலன்னு டாக்டரம்மா சொல்லலியேண்ணே" என்றான் சன்னாசி.

அப்புறம் என்ன, முறை போட்டார்கள். காலையில் மூக்கன். அவருக்கு முன்பல் இரண்டு இல்லாததால் அது தாராளமாக உட்கார்ந்தது. மதியம் சன்னாசி. சாயங்காலம் இருளப்பன். அந்த நேரத்தில் அவன் பேசுவது யாருக்கும் புரியாது, மண்டியில் அந்த நேரத்தைத்தான் எல்லோரும் விரும்பினார்கள். படுக்கும்போது மட்டும் தவசி. கைமாறும்போதெல்லாம் குழாயில் நன்றாகக் கழுவினார்கள், அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கு நாள் குறித்தபிறகு, டாக்டர் தவசியின் வாயைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "பல்லு திரும்ப ஏற ஆரம்பிச்சிருக்கே. ரிடெய்னர் போடலியா?"

"ஒரு நிமிஷம்கூட வாயவிட்டு எறங்கல டாக்டரம்மா" என்றார் மூக்கன் பெருமையாக.

"இப்ப எங்க?"

தவசி திரும்பி இருளப்பனைப் பார்த்தான். இருளப்பன் வாயைத் திறந்து காட்டினான்.

நோயாளிகள் சாய்கிற நாற்காலியில் டாக்டரே போய்ச் சாய்ந்துகொண்டார். எழுந்து தண்ணீர் குடித்தபிறகு, புதிதாக ஒன்று செய்து கொடுத்து, நாலு பேரிடமும் சத்தியம் வாங்கினார். "இது தவசி வாயில மட்டும்தான் இருக்கணும். தனியா அவன்தான் சுமக்கணும். மீறினா அவனால எப்பவுமே துண்டை எடுக்க முடியாது."

தவசிக்கு அன்னமயில் முகம் கண்முன் வந்து நின்றது. படியிறங்கும்போது மூக்கன் அழுதேவிட்டார். "நம்மள்ல யாருமே தனியாச் சுமந்ததில்லடா. போகட்டும், இத நீ சுமந்துக்க. உன்னோட மத்த பாரம் எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்."

சொன்னபடி பார்த்துக்கொண்டார்கள். மூட்டையைத் தொடவிடவில்லை. கையில் குடையைக்கூடத் தரவில்லை. ரிடெய்னர் தவசி வாயிலேயே இருந்தது, பற்கள் மறுபடி வரிசைக்கு வந்தன.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை மாலை நல்ல கனம். நலங்கு நேரத்தில் சன்னாசி கொஞ்சம் சுமந்தான். பெரியவர்கள் வந்து திருநீறு பூசியபோது மாலை இருளப்பன் கழுத்தில் இருந்தது. முகூர்த்தம் நெருங்கியபோது மூக்கன் மாலையோடு மணையில் உட்காரப்போனார். அன்னமயில் தவசியின் வேட்டி முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, தாலி விஷயத்துல முறையெல்லாம் கிடையாது" என்றாள்.

மூக்கன் தாலியைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "லேசாத்தான் இருக்கு. ஒருத்தனே தூக்கிரலாம்" என்று மாலையைக் கழற்றிக் கொடுத்தார். தவசி தாலி கட்டினான்.

பிறகு போட்டோக்காரர் வந்து நின்றார். "மாப்பிள்ளை, கொஞ்சம் சிரிங்க."

தவசி துண்டைத் தோளிலிருந்து எடுத்து மூக்கனிடம் கொடுத்துவிட்டு, வாயைத் திறந்து முழுசாகச் சிரித்தான். பற்கள் பளிச்சென்று வரிசையாக நின்றன. அன்னமயிலுக்குக் கண் கலங்கிவிட்டது. காத்திருந்தது வீண்போகவில்லை என்று அவளுக்கு அவ்வளவு நிறைவு.

"அப்படியே இருங்க, லைட்டு எரிய மாட்டேங்குது" என்றார் போட்டோக்காரர். தவசி அப்படியே இருந்தான். லைட்டைத் தட்டிப் பார்த்தார்கள், வயரை மாற்றினார்கள். தவசி சிரித்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, கன்னம் வலிக்குதுண்ணே" என்றான், சிரிப்பைக் குறைக்காமல்.

மூன்று பேரும் பதறிப்போனார்கள். சன்னாசி ஒரே தாவலில் மேடையேறி, தவசியை மெல்ல ஓரமாக நகர்த்தி, மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவன் விட்ட இடத்திலிருந்து சிரித்தான். லைட் எரிந்தது.

அந்தப் போட்டோ இப்போது அன்னமயிலின் தையல்கடைச் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. துணி தைக்க வருகிற பெண்கள் நின்று பார்ப்பார்கள். "இவருதான் உன் வீட்டுக்காரரா? நல்லாச் சிரிக்கிறாரே" என்பார்கள்.

அன்னமயில் மிஷினை நிறுத்தாமலே சொல்லுவாள்: "அவரு இல்லக்கா. ஓரத்துல கன்னத்தத் தடவிக்கிட்டு நிக்கிறாரு பாருங்க, அவருதான். அப்ப அவருக்கு ரெஸ்ட்டு."