தின்னான் பாத்தி

ஒரு ஊர்ல, தேரிக்கு அடியில, வெயிலுகந்தான்னு ஒருத்தன் இருந்தான். தேரின்னா என்னன்னு கேக்கியளா? செக்கச்செவேல்னு மணல்மேடு, மலை மாதிரி கெடக்கும். மலை இருந்த எடத்துல இருக்கும், இது நடக்கும். ஏன் நடக்கு? மணலப் புடிச்சு வச்சிருந்த உடைமரத்தையெல்லாம் இந்த ஊர்க்காரங்கதான் வெட்டி, கரிமூட்டம் போட்டு வித்துத் தின்னாவ. பெறகு காத்தடிச்சுது, மணலு வந்து வயல மூடுச்சு. காத்தடிச்சுது, தோட்டத்த மூடுச்சு. காத்தடிச்சுது, அம்மன் கோயிலையே மூடிட்டு. மிச்சம் ஊருக்கு ஒத்தக் கெணறு. அதுவும் போனா பானை சட்டியத் தூக்கிட்டுப் போவ வேண்டியதுதான்.

அப்பந்தான் ஊரு கூடிப் பேசுச்சு. மேக்க, மணலு எறங்குத வழியில, வீட்டுக்கு ஒரு பாத்தி. ஆவணியில பனங்கொட்டைய நெருக்கிப் பொதைக்கணும், மழை விழுந்ததும் எடையில கொழிஞ்சிச் செடி வெதைக்கணும், ஆட்டுக்கிடை போட்டு மண்ணுக்கு ஒரம் ஏத்தணும். இன்னைக்கு மணலக் கொழிஞ்சி புடிக்கும், நாளைக்குப் பனை புடிக்கும்.

"தையில கொட்டைக்குக் கீழ கெழங்கு எறங்கும். ஒருத்தரும் தோண்டப்படாது. தோண்டினா பனை இல்ல," ன்னாரு ஊர்த்தலைவரு. எல்லாரும் தலையாட்டினாவ. வெயிலுகந்தான் எல்லாரையும்விட நல்லாவே ஆட்டினான்.

ஆனா அவனுக்குப் பனங்கெழங்குன்னா உசுரு. தை பொறந்ததும் நாக்கு சும்மா இருக்க மாட்டேங்கு. ஒரு கெழங்கத் தோண்டி, மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சுத் தின்னான்.

"ஊரு சொல்லிருக்குல்லா, வேண்டாம்யா," ன்னா பொண்டாட்டி பிரமசக்தி.

"ஒரு கெழங்குலயா ஊரு போயிரும்?" ன்னான்.

மறுநாளு ஒரு கை தோண்டினான். அதுக்கு மறுநாளு ஒரு பெட்டி. பெறகு பாத்தியே காலி, கெழங்கோட கொழிஞ்சியும் வேரோட வந்துட்டு. மணல நைசா நெரவி விட்டுட்டு, "எம் பாத்தியில மட்டும் கொட்டை மொளைக்கலியே, கொழிஞ்சியும் பட்டுப்போச்சே, என் நேரம்," னு ஊருக்குள்ள மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு அலைஞ்சான். எல்லாரும் நம்பிட்டாவ.

ஆடி வந்துச்சு, காத்தும் வந்துச்சு. மொதப் பாத்தியில நின்னு, "வழி உண்டா?" ன்னு கேட்டுது. "இல்ல, போ," ன்னுச்சு கொழிஞ்சி. அடுத்த பாத்தியில, "வழி உண்டா?" "இல்ல, போ." வெயிலுகந்தான் பாத்திக்கு வந்து, "வழி உண்டா?" ன்னுச்சு. பதில் சொல்ல அங்க யாரு இருக்கா? மணலு நேரா வந்து கெணத்துல கொட்டிட்டு.

விடிஞ்சா ஊரே கெணத்துல மணலு வாருது. வெயிலுகந்தானும் கூடை தூக்குதான், இப்ப ஏசுவாவ, இப்ப அடிப்பாவன்னு பயந்துக்கிட்டே. பக்கத்து வீட்டு சந்தனமாரி கிட்ட வந்தா.

"அண்ணே, மனசு ஒடைஞ்சு போவாத. சொத்தைக் கொட்டை வந்து வாச்சா நீ என்ன செய்வ? இந்த ஆவணிக்கு எங்க மரத்துக் கொட்டையத் தாறேன். நாங்களே வந்து பொதைச்சும் தாறோம்," ன்னா.

அடிச்சிருந்தா வாங்கியிருப்பான் பிள்ளையளா. இந்தப் பேச்ச அவனால வாங்க முடியல. ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. கூடையக் கீழ வச்சான், தலை தானா குனிஞ்சுது.

"கொட்டை மொளைச்சுது தாயி. நாந்தான் தின்னுட்டேன்."

பிரமசக்தி முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டா. ஊர்த்தலைவரு சொன்னாரு, "கொட்டை விழ இன்னும் நாளு கெடக்கு. அதுவரைக்கும் அந்த எடத்துல என்னமும் நிக்கணும்லா. நீ நில்லு."

நின்னான். ஓலைத்தட்டியக் கெட்டி, அது சாயாம முதுகு குடுத்து நின்னான். கண்ணுல மணலு, வாயில மணலு. அதக்கூடத் தாங்கிட்டான். சந்தனமாரி தெனமும் ஒரு செம்புத் தண்ணி கொண்டாந்து, ஒரு சொல்லு ஏசாம, "குடி அண்ணே," ம்பா பாருங்க, அதுதான் தொண்டையில எறங்கல.

ஆவணியில கொட்டை விழுந்துச்சு, பொதைச்சான், பனையும் வந்துச்சு. ஆனா மத்த பாத்திக்கெல்லாம் பேரு கெடையாது, அந்தப் பாத்திக்கு மட்டும் தின்னான் பாத்தின்னு பேரு நெலைச்சுட்டு. அவன் பேரனுக்குப் பொண்ணு கேட்டுப் போன எடத்துல, "நீங்க எந்தப் பாத்திக்காரங்க?" ன்னு கேட்டாவளாம். அந்தப் பய தரையப் பாத்துக்கிட்டேதான் சொன்னானாம்.

தேரியும் நின்னுட்டு, எங் கதையும் நின்னுட்டு. கண்ண மூடுங்க.