பவேரியாவைப் பொங்க வைத்த கை

வள்ளியூர்க் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் அன்று சாயங்காலம் ஒரே கேள்விதான். மறுநாள் காலையில் எழுநூறு பேருக்கு இட்லி. மாவில் உப்பைப் போட்டுக் கலக்கப்போவது யார் கை? சிலர் கைக்கு மாவு பொங்கும், சிலர் கைக்குப் பொங்காது. எங்கள் தலைமைச் சமையல்காரர் தெய்வநாயகம் அண்ணாச்சி ஜாதகப் பொருத்தத்தைவிட இதைத்தான் நம்புவார். கலக்குகிற ஆளுக்குத்தான் சமையல்கட்டில் அவருக்கு அடுத்த இடம். அந்த இடத்துக்காக எங்களோடு வேலை பார்க்கும் இசக்கிமுத்து மூன்று வருஷமாக ஏங்குகிறான். நான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, நான் ஜெர்மனியில இருந்தப்போ..."

"நீ எப்பம்லே ஜெர்மனி போன?"

"மஞ்சக்காமாலைன்னு ரெண்டு மாசம் வேலைக்கு வரலேல்லா, அப்பந்தான். பவேரியாவுல நானூறு வருசத்துப் பீர் ஆலை. ஒவ்வொரு செப்புக் கொப்பரையும் நம்ம தெப்பக்குளம் தண்டி. கறுப்பு பீரு, புகை வாசம் அடிக்க பீரு, சாமியாருங்க விரதத்துக்குன்னே கஞ்சி மாதிரி ஒரு பீரு. சட்டம் ரொம்பக் கடுமை பாத்துக்கிடுங்க. தண்ணி, முளைகட்டுன பார்லி, ஹாப்ஸ்னு ஒரு கசப்புப் பூ, நுரைக்க ஈஸ்ட்டு. இந்த நாலைத் தவிர ஒரு கொசு விழுந்தாலும் கொப்பரையோட கவுத்துருவாவ.

"ஒருநா ஈஸ்ட்டு பொங்கல. டாக்டருமாரு ஏழு பேரு கொழா வச்சுப் பாத்துட்டு உதட்டப் பிதுக்கிட்டாவ. மொதலாளி என் கையப் புடிச்சு, 'இசக்கி, நீ ஒரு கலக்கு கலக்குப்பா'ன்னு அழுதாரு."

"எந்தப் பாசையில அழுதாரு?" என்றாள் கிரைண்டரிலிருந்து உளுந்து மாவை வழித்துக்கொண்டிருந்த செல்லக்கனி அக்கா.

"அழுகைக்கு ஏதுக்கா பாசை? முழங்கை வரைக்கும் விட்டு மூணு சுத்துதான். நுரை பொங்கி, ஆலைக் கூரையத் தூக்கிட்டு, தெருவுக்கு வந்து, சர்ச் கோபுரத்துல ஏறிட்டு. பாதிரியார் நீந்திப் போய்த்தான் மணி அடிச்சாரு. மறுநா பெஞ்ச மழைக்கு மேல ரெண்டு விரக்கடை நுரை. அதக் குடிச்ச மாடுவ ஒரு வாரம் அடுத்தவன் தொழுவத்துல போய்ப் படுத்துச்சு."

அக்கா விடவில்லை.

"நாலு சாமான்தான் சேக்கணும்னு சட்டம்னியே தம்பி? அப்போ உன் கை அஞ்சாவது சாமான்லா?"

மாட்டிக்கொண்டானே என்று எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அவன் சளைக்காமல் தொடர்ந்தான்.

"அதுக்குத்தானக்கா கேசு நடந்துச்சு! நீதிபதி மூணு நாளு என் கைய மோந்து பாத்துட்டு, 'இது கையே இல்ல, ஈஸ்ட்டு'ன்னு தீர்ப்பு எழுதிட்டாரு. இப்பவும் என் பாஸ்போர்ட்டுல தொழிலுங்கிற எடத்துல ஈஸ்ட்டுன்னுதான் இருக்கு."

சொல்லிவிட்டு, கழுவித் துடைத்த வலது கையை அண்ணாச்சி முன்னால் நீட்டினான்.

அண்ணாச்சி கையைப் பார்த்தார். மாவு அண்டாக்களைப் பார்த்தார்.

"நல்ல கைதாம்லே. ஆனா நம்ம அண்டாவுல மேல ஒரு சாண்தான் எடம் கெடக்கு. நீ கலக்குனா நாளைக்கு மாப்பிள்ளை மணமேடைக்கு நீந்தில்லா வரணும்? செல்லக்கனி, நீ உப்பப் போடு."

"ஒத்த விரலாவது விடட்டுமா அண்ணாச்சி?"

"வேண்டாம். நீ போயி சாம்பாருக்குச் சின்ன உள்ளி உரி. அது பொங்காது."