குளக்கரையில் வளையம், கடலில் இருட்டு

எத்தனை வருஷம் முன்னால் என்று சரியாகத் தெரியாது. சோழிகளைப் பரப்பிக் கிரகணம் கணக்கிட்ட காலம்.

சாத்தனுக்கு ஐம்பத்தைந்து வயது. அவனுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த உடையநங்கைக்கு முப்பதுகூட இருக்காது. அதில் அவனுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அன்று காலையில் அவன் மூச்சு வாங்க ஓடி வந்தது வேறு விஷயத்துக்கு.

"அம்மா, நேற்று சூரியன் முழுசாக மறையாது, வளையம் நிற்கும் என்று ஊருக்கே சொல்லியிருந்தேன். குளக்கரையில் நின்று பார்த்தேன். வளையம்தான். கண் சிமிட்டும் நேரம்தான் நின்றது."

"சரி."

"என்ன சரி? என் மைத்துனன் கடலிலிருந்து வந்து, சூரியனையே காணோம், நட்சத்திரம் தெரிந்தது என்கிறான். நாளைக்குச் சபை கூடுகிறது. யார் பொய்யன் என்று என்னைத்தான் கேட்பார்கள். அவன் என்றால் அவனை ஊரைவிட்டு விரட்டுவார்கள். நான் என்றால் இனி நான் சோழியைத் தொட முடியாது."

அவன் பின்னாலேயே வந்த கடம்பன் வாசலில் நின்றான். "பார்த்ததைத்தானே சொன்னேன், மச்சான்?"

"கள்ளைக் குடித்துவிட்டுப் பார்த்தாயா?"

"குடித்தால் ரெண்டு சூரியன் தெரியும். இருந்த ஒன்றுமா காணாமல் போகும்?"

உடையநங்கை உள்ளே போய் ஒரு சட்டி மூடியை எடுத்து வந்தாள். சுவரில் இருந்த வட்டச் சன்னலில் வெயில் பளிச்சென்று அடித்தது. ஓரமாக நின்று, கையை நீட்டி, மூடியைச் சன்னலிலிருந்து சற்றுத் தள்ளி, அதற்கு நேராகப் பிடித்தாள்.

"சாத்தரே, என்ன தெரிகிறது?"

"மூடியைச் சுற்றி வெளிச்சம். வளையம்."

"கடம்பா, அவருக்கு நாலடி முன்னால் வந்து நில்."

கடம்பன் வந்து நின்றான். "மூடிதான் இருக்கு, தாயே. வெளிச்சமே இல்லை."

சாத்தன் அவனைத் தள்ளிவிட்டு அங்கே நின்றான். வெளிச்சம் இல்லை. பின்னால் போனான். வளையம். திரும்ப முன்னால் வந்தான். மூன்று தடவை நடந்தான். அவள் கை அசையவே இல்லை.

"அப்போ நேற்று சூரியனுக்கு என்னதான் ஆச்சு?"

அவள் மூடியைக் கீழே இறக்கினாள்.

"சபையில் நான் என்னத்தைச் சொல்ல?"

"சபையில் எத்தனை பேர்?"

"பதினொரு பேர்."

"அந்த மண்டபத்திலும் இந்த மாதிரிச் சன்னல்தானே?"

"ஆமாம்."

"பதினொரு பேரும் ஒரே இடத்திலா உட்காருவார்கள்?"

"அதெப்படி முடியும்? முன்னே, பின்னே..."

சாத்தன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் மூடியை அவன் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு நீர் பிடியும்."

அவன் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடியில் கரி ஒட்டியிருந்தது.

"நான் பிடித்துக்கொண்டு நின்றால் எனக்கு எது தெரியும், அம்மா? வளையமா, இருட்டா?"

உடையநங்கை தன் தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

"ரெண்டும் தெரியாது. கை வலிக்கும்."