இசக்கிமுத்துவின் இடுப்பளவு

ஆலங்கிணறு கடைத்தெருவில் மூன்று அண்ணன் தம்பிகள் தையல்கடை வைத்திருந்தார்கள். வீரபாகு அளவெடுப்பார், சிங்காரம் வெட்டுவார், பொன்னம்பலம் தைப்பார். எதையும் யோசித்துத்தான் செய்வார்கள். சிக்கலே அதுதான்.

ஒருநாள் அதிகாரி அம்மா ஒருவர் வந்தார். "மாநிலத்துல புதுச் சட்டம் வந்திருக்கு. வாடிக்கையாளர் விவரத்தை அடுத்தவங்களுக்குச் சொல்லக்கூடாது. கசிஞ்சா, என்ன கசிஞ்சதுன்னு உடனே தெரியப்படுத்தணும். அழிக்கச் சொன்னா, ஒண்ணு விடாம அழிக்கணும்."

மூவரும் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் இசக்கிமுத்து கல்யாண பேண்ட்டுக்கு அளவு கொடுத்தார். பெண் வீட்டில் இடுப்பு முப்பத்தாறு என்று சொல்லி வைத்திருந்தார் பாவம். டேப் வேறு சொன்னது.

"இடுப்பு எவ்வளவுண்ணே?" என்றார் சிங்காரம்.

"சொல்ல முடியாது. நீ அடுத்தவன்."

"நான் உன் தம்பி."

"எனக்கு அடுத்துப் பொறந்தவன்தானே?"

சிங்காரம் கத்தரியோடு காத்து நின்றார். கடைசியில் வீரபாகு சுவரைப் பார்த்து அளவைச் சொன்னார். பக்கத்தில் நின்ற சிங்காரம் தற்செயலாகக் கேட்டுக்கொண்டார். பேண்ட் தயாரானது.

அன்று சாயங்காலம் மழை. கூரை ஒழுகி அளவு நோட்டு நனைந்து, மை கசிந்தது.

"கசிஞ்சிடுச்சு," என்றார் பொன்னம்பலம், முகம் வெளுத்து.

"உடனே தெரியப்படுத்தணும்," என்றார் வீரபாகு.

"யாருக்கு?"

"அந்தம்மா யாருக்குன்னு சொல்லலியே. அப்ப எல்லாருக்கும்தான்."

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக் கிளம்பினார்கள். "இசக்கிமுத்து அவர்களின் இடுப்பளவு நாற்பத்து நாலு அங்குலம். இந்த விவரம் கசிந்துவிட்டதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்." பெண் வீட்டுத் தெருவில் ஒரு காது மந்தமான தாத்தாவுக்காக மூன்று தடவை சொன்னார்கள்.

இசக்கிமுத்து ஓடி வந்தார். "என் விவரம் எல்லாத்தையும் அழிங்கய்யா. இப்பவே."

நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டார்கள். பொன்னம்பலம் பேண்ட்டைத் தூக்கிப் பார்த்தார். "இதை அளந்தா தெரிஞ்சிடுமேண்ணே?"

இசக்கிமுத்து வாய் திறப்பதற்குள் சிங்காரத்தின் கத்தரி ஓடி முடிந்துவிட்டது. பன்னிரண்டு கைக்குட்டை தேறியது. மடித்து அவர் கையில் கொடுத்தார்கள். அதில் ஒன்றை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மணப்பெண் சங்கரவடிவு.

"நாப்பத்து நாலாமே?"

"ஆமா," என்றார் அவர்.

"எங்க அப்பாவுக்கு நாப்பத்தெட்டு. ஊருக்கே முப்பத்தெட்டுன்னு சொல்லிட்டுத் திரியுறாரு. நீங்க பேசாம வேட்டி கட்டிட்டு வாங்க."

கல்யாணம் ஜோராக நடந்தது. மூவருக்கும் அழைப்பு உண்டு. மாப்பிள்ளையைப் பார்த்தால் அளவு மறுபடி மனசில் ஏறிவிடும் என்று கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வந்தார்கள். பந்தல் வாசலில் வாழைமரத்தில் முட்டிக்கொண்ட வீரபாகு, அதற்கு மாலை போட்டு, ஆரத் தழுவிக்கொண்டார்.

"மாப்பிள்ள ரொம்ப இளைச்சிட்டாருடா," என்றார் கரகரத்த குரலில்.

சிங்காரம் தடவித் தடவி வந்து அவர் வாயைப் பொத்தினார். "அண்ணே, அளவை வெளிய சொல்லாத."